புதுப்பிப்பு: செடான் மைலேஜ், டேங்க் டு டேங்க் கணக்கு

என் செடான் காரின் திரையில் லிட்டருக்கு 15.2 கி.மீ. என்று காட்டுகிறதே, நம்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். அதன்பின் டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டேன். 571 கி.மீ.க்கு 42 லிட்டர், அதாவது 13.6 தான். திரை கூட்டித்தான் சொல்கிறது. இது முழுக்க ஊருக்குள் ஓட்டியது. அதில் பாதி, இன்ஜின் சூடாவதற்குள் முடிந்துவிடும் பள்ளி ஓட்டம்.

நெடுஞ்சாலையில் 90-ஐத் தாண்டாமல் போனபோது 665 கி.மீ.க்கு 38 லிட்டர்: 17.5! வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதனால் 110-ல் பறக்கும் ஆசையை விட்டுவிட்டேன்.

மைலேஜைக் குறைக்கும் இன்னொன்றும் கண்ணில் பட்டது: பின் இடது டயரில் காற்றழுத்தம் 26 பி.எஸ்.ஐ.தான் இருந்தது, கதவோர ஸ்டிக்கரில் இருக்க வேண்டிய அளவு 33. நிரப்பியாயிற்று. இன்னொரு டேங்க் ஓடட்டும், ஊருக்குள் என்ன வருகிறது என்று சொல்கிறேன். நீங்களும் கணக்குப் பார்த்தால், பம்ப் முதல்முறை தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் கணக்கே தப்பிவிடும்.