தவறான பயாஸ் ஏற்றப்பட்ட கணினி: மதர்போர்டை மாற்றாமல் மீட்க வழி உண்டா?

செங்காங் வாசுகி:
வணக்கம். என் தந்தையாரின் மேசைக் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்த கடையில், அதே மாடலின் வேறொரு ரிவிஷனுக்குரிய பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை நிரல்) கோப்பை ஏற்றிவிட்டார்கள். இப்போது மின்விசிறிகள் சுழல்கின்றன, ஆனால் திரையில் எதுவும் வருவதில்லை. சிமோஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டியும் பயனில்லை. மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். பயாஸை யுஎஸ்பி வழியாக மீண்டும் ஏற்ற உதவும் ஃபிளாஷ்பேக் பொத்தான் அதில் கிடையாது. பயாஸ் சிப்பில் 25கியூ128எஃப்வி என்று அச்சிட்டிருக்கிறது. அப்பாவின் கோப்புகள் வட்டில் பத்திரமாக இருக்குமா?

ஈசூன் மாறன்:
வட்டில் உள்ள எதற்கும் பாதிப்பில்லை. பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் அமைப்புகள் மட்டுமே பழைய நிலைக்குத் திரும்பும். சிப்பில் எழுதப்பட்ட நிரல் அப்படியே இருக்கும். சில பலகைகளில் மாற்று பயாஸ் சிப் ஒன்றும் இருக்கும் என்பதால், முதலில் கையேட்டைப் பாருங்கள்.

கிளமெண்டி இளங்கோ:
மாற்று சிப் இல்லையென்றாலும் பலகையைக் கைவிட வேண்டாம். சிஎச்341ஏ என்னும் மலிவான புரோகிராமரையும் (சிப்பைப் படித்து எழுதும் சிறு கருவி), சிப்பின் கால்களைப் பற்றும் எட்டுக்கால் கிளிப்பையும் கொண்டு அந்தச் சிப்பில் நேரடியாக எழுதலாம். ஆனால் எழுதுவதற்கு முன், சிப்பில் இப்போது இருப்பதைப் படித்து ஒரு நகல் எடுத்து வையுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். நிரல் தவறானதாக இருந்தாலும், உங்கள் பலகைக்கு மட்டுமே உரிய வரிசை எண், நெட்வொர்க் மேக் முகவரி, சில கணினிகளில் விண்டோஸ் உரிமக் குறியீடு ஆகியவை அதே சிப்பில்தான் இருக்கக்கூடும், அழித்துவிட்டால் அவற்றைத் திரும்பப் பெறுவது கடினம்.

25கியூ128 என்றால் 128 மெகாபிட், அதாவது 16 மெகாபைட். ஆகவே நகலின் அளவு சரியாக 16,777,216 பைட் இருக்க வேண்டும். உற்பத்தியாளர் தளத்தில் இறக்கும் கோப்பு அதைவிடப் பெரிதாக இருந்தால் அப்படியே எழுதாதீர்கள். எடுத்துக்காட்டாக, அசூஸ் நிறுவனத்தின் கேப் வகை பயாஸ் கோப்புகளில் தொடக்கத்தில் 2,048 பைட் தலைப்பகுதி இருக்கும். அதை நீக்கிவிட்டே எழுத வேண்டும். உங்கள் சிப் வின்பாண்ட் தயாரிப்பாக இருந்தால் எஃப்வி என்பது 3.3 வோல்ட் வகை. எஃப்டபிள்யூ என்று முடிந்திருந்தால் 1.8 வோல்ட், அதற்குத் தனி அடாப்டர் தேவை. கறுப்பு நிற சிஎச்341ஏ பலகைகள் பலவற்றில் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் வருவதால், மீட்டரால் அளந்த பிறகே கிளிப்பை மாட்டுங்கள்.

செங்காங் வாசுகி:
மிக்க நன்றி ஐயா. மீட்டரில் 3.3 வோல்ட்தான் காட்டியது. ஃபிளாஷ்ராம் மென்பொருளால் இருமுறை படித்தேன். இரண்டு நகல்களும் ஒன்றுபோல இல்லையே?

கிளமெண்டி இளங்கோ:
கிளிப் சரியாகப் பற்றவில்லை என்று தோன்றுகிறது. மின்கம்பியையும் சிமோஸ் பேட்டரியையும் அகற்றிவிட்டு, கிளிப்பின் சிவப்புக் கம்பி சிப்பில் புள்ளியிட்ட முதல் காலில் அமருமாறு மீண்டும் மாட்டுங்கள். இரு நகல்களும் ஒத்துப்போகும்வரை எதையும் எழுத வேண்டாம். அப்படியும் ஒத்துப்போகாவிட்டால், சிங்கப்பூரின் மின்னணுக் கடைவளாகமான சிம் லிம் ஸ்குவேரில் மதர்போர்டு பழுதுபார்க்கும் கடைகளில், சிப்பைக் கழற்றி எழுதித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். கொடுக்கும்போது பழைய சிப்பின் நகலையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

ஈசூன் மாறன்:
ஒன்று விட்டுப்போயிற்று. வட்டில் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் இயங்கினால், பயாஸ் மாறியபின் விண்டோஸ் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும். தந்தையாரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.