டைப் 1 சர்க்கரை உள்ள மகளின் இன்சுலினைப் பள்ளி அலுவலக பீரோவில் பூட்டி வைக்கலாமா?

கோவில்பட்டி அம்மா:

என் மகளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. டைப் 1 சர்க்கரை என்று போன தீபாவளியை ஒட்டித் தெரியவந்தது. காலை ஊசியும் இரவு ஊசிகளும் வீட்டிலேயே முடிந்துவிடுகின்றன. சிக்கல் மதிய ஊசியில்தான்.

ஊசி என்றால் மற்ற பிள்ளைகளுக்கு ஆபத்தாம். அதனால் இன்சுலின் பேனா, குளுக்கோமீட்டர் எல்லாம் அலுவலக பீரோவில் இருக்க வேண்டும், சாப்பாட்டு மணி அடித்ததும் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. சாவி அலுவலகப் பெண்ணிடம். அவர் வங்கிக்குப் போயிருந்தால் என் மகள் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். "ஏதாவது ஆனால் பள்ளி பொறுப்பல்ல" என்று ஒரு தாளில் கையெழுத்தும் கேட்கிறார்கள்.

மதிய ஊசியாவது பரவாயில்லை, சர்க்கரை இறங்கும் நேரத்துக்கு என்ன செய்வது? வகுப்பு இரண்டாவது மாடியில், அலுவலகம் கீழே வாசலை ஒட்டி. அவளுக்கு இறங்கும்போது முதலில் வருவது மயக்கம் அல்ல, கோபம். மேலுதடு வியர்க்கும், நோட்டில் எழுத்து கோட்டை விட்டுச் சரியும், என்ன என்று கேட்டால் சுள்ளென்று விழுவாள். சென்ற வாரம் கணக்கு ஆசிரியை அதைத் திமிர் என்று நினைத்து வெளியே நிறுத்திவிட்டார். பக்கத்து பெஞ்சுப் பெண்தான் புரிந்துகொண்டு கடலை மிட்டாயைக் கையில் திணித்திருக்கிறாள். எங்கள் ஊரில் எந்தப் பையைத் துழாவினாலும் அது கிடைக்கும். மீட்டர் பூட்டிக் கிடந்ததால் அளவு எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

அவள் கோ-கோ அணியிலும் இருக்கிறாள், நிறுத்த எனக்கு மனமில்லை. என் மாமியாரோ, பெண் பிள்ளை விஷயம், பள்ளியில் யாருக்கும் சொல்லாதே என்கிறார். நான் எங்கே தொடங்குவது? யாரிடம் எவ்வளவு சொல்வது?

குழந்தைகள் வார்டு செவிலியர்:

அம்மா, பீரோவுக்குச் சம்மதிக்காதீர்கள். மீட்டரும் குளுக்கோஸும் பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் இருந்தாக வேண்டும். கூடுதல் பேனா ஒன்றை அலுவலகத்தில் வைப்பது வேண்டுமானால் நல்லது. பேனா ஊசியைக் கண்டுதான் பயம் என்றால், கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைப் பையில் கொடுத்துவிடுங்கள். போட்டவுடன் ஊசியை அதில் போட்டு மூடி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள் என்று எழுதிக் கொடுங்கள், அந்த வாதம் அதோடு முடிந்தது.

தாழ்சர்க்கரைக்கு ஒரே பக்கத்தில் தாள் தயாரியுங்கள். மீட்டரில் அளவு 70க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியோ வீட்டுச் சர்க்கரையோ, தண்ணீரில் கலந்து. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் திரும்பவும் அதே அளவு. மீட்டர் கையில் இல்லாமல் அறிகுறி மட்டும் தெரிந்தால், அளவு பார்க்கக் காத்திருக்காமல் கொடுத்துவிட வேண்டும்.

கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கலாம், அவசரத்துக்கு அது சரிப்படாது. கடலையில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். சாக்லேட்டும் அப்படித்தான். அந்தத் தோழி கெட்டிக்காரி, அவள் பையிலும் ஒரு குளுக்கோஸ் பொட்டலம் கொடுத்து வையுங்கள்.

ஆசிரியர்கள் செய்யும் ஆபத்தான காரியம் ஒன்று உண்டு: "தலை சுற்றுகிறதா, கீழே போய்ப் படுத்துக்கொள்" என்று பிள்ளையைத் தனியே அனுப்புவது. மாடிப்படியில் விழுந்து அடிபட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரையும் மீட்டரும்தான் அவளைத் தேடி வர வேண்டும், அவள் நகரக் கூடாது. நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழைக்க வேண்டும். உங்கள் மருத்துவர் குளுக்ககான் ஊசி (ரத்தச் சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்து) எழுதித் தந்திருந்தால், அதைப் போடத் தெரிந்த ஒருவர் பள்ளியில் இருக்க வேண்டும்.

வெயிலையும் மறந்துவிடாதீர்கள். பயன்பாட்டில் உள்ள பேனா பொதுவாக 30 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும், உங்கள் மருந்தின் பெட்டியில் போட்டிருப்பதைப் பாருங்கள். உங்கள் ஊர் மே மாதத்துக்கு அது போதாது. ஜன்னலோரப் பையும் வேனின் முன்பலகையும் ஆகாது. ஐஸ் கட்டி மேலே படும்படி வைத்தாலும் கெட்டுவிடும், உறைந்த இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார்:

தங்கச்சி, கோ-கோவை நிறுத்தாதீர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைத்து ஸ்கோர் எழுதச் சொல்லும் சக ஆசிரியர்களோடு நான் ஓயாமல் சண்டை போட்டவன். ஆட்டத்துக்கு முன்னால் விரலில் குத்திப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 90க்குக் கீழே இருந்தால் வாழைப்பழமோ பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டு இறங்கட்டும். 250ஐத் தாண்டி உடம்புக்கும் சரியில்லை என்றால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது, கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடம்பில் சேரும் அமிலம்) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளுக்கோஸ் பொட்டலத்தை மைதானத்திலேயே கம்பத்தடியில் வைக்கச் சொல்லுங்கள், ஓய்வறைப் பையில் கிடந்து பயனில்லை.

அந்தப் பள்ளியில் விளையாட்டு வகுப்பு எந்த நேரத்தில்? சாப்பாட்டு மணிக்கு முந்தைய வகுப்பு என்றால் அதை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். போட்டி நாள்களில் ஆட்டம் முடிந்து பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை இறங்கும். இரவு படுக்கும் முன் பாருங்கள், அன்றைய இரவு ஊசியின் அளவு பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மீனாட்சிபுரம் பெரியவர்:

உங்கள் மாமியார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள் அம்மா. நாளைக்கு வரன் பார்க்கும்போது ஊரே இதைத்தான் பேசும். தலைமையாசிரியர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதாதா?

கோவில்பட்டி அம்மா:

ஐயா, வரன் வர இன்னும் எத்தனையோ வருடம் கிடக்கிறது. கணக்கு வகுப்பு நாளைக்கே இருக்கிறது. தலைமையாசிரியருக்குத் தெரிந்தும்தான் அவள் வாசலில் நின்றாள்.

கல்லூரிக்காரன், டைப் 1:

அக்கா, நான் ஏழாம் வகுப்பிலிருந்து ஊசி போடுகிறவன். "இவனை எல்லாரும் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று என் வகுப்பாசிரியர் காலை வணக்கக் கூட்டத்தில் மைக்கில் சொன்னார். நல்ல மனிதர்தான். அன்று மாலைக்குள் பள்ளி முழுக்க என் பெயர் 'சுகர்' ஆகிவிட்டது. பிறகு மதிய ஊசியைக் கழிப்பறையில் ஒளிந்து போட்டேன், பல நாள் போடாமலும் விட்டேன்.

அவள் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் எல்லா ஆசிரியர்களுக்கும் வேன் ஓட்டுநருக்கும் தெரிந்தாக வேண்டும், அதில் அவளிடம் பேரம் வேண்டாம். தோழிகளில் யாருக்குச் சொல்வது என்பதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள். கடலை மிட்டாய்ப் பெண்ணோடு தொடங்கட்டும். தாளின் முதல் வரியாக "கோபமும் ஓர் அறிகுறி" என்று எழுதுங்கள். அந்தக் கணக்கு ஆசிரியைக்கு அது ஒன்று தெரிந்திருந்தாலே போதும். சர்க்கரை ஏறிய நாளில் அடிக்கடி தண்ணீரும் கழிப்பறையும் தேவைப்படும், கேட்டவுடன் விட வேண்டும் என்பதையும் சேருங்கள்.

சர்க்கரை அளவைத் தொடர்ந்து பார்க்கும் சென்சாரைக் கையில் ஒட்டும் எண்ணம் இருந்தால், செல்போனுக்குத் தடை உள்ள பள்ளியில் அளவைக் காட்டத் தனியாக வரும் ரீடர் கருவி உதவும். இன்னொன்று, அவளுக்குப் பிடிக்கலாம் என்பதால் சொல்கிறேன்: உலகில் முதன்முதலில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்ட நோயாளி லெனார்ட் தாம்சன், 1922 ஜனவரியில், டொராண்டோவில். அவனும் ஏறக்குறைய அவள் வயதுப் பையன்தான்.

கோவில்பட்டி அம்மா:

எல்லாருக்கும் நன்றி. இன்று மருத்துவரின் கடிதத்தோடு தலைமையாசிரியரைப் பார்த்தேன். மீட்டரும் குளுக்கோஸும் அவள் பையில் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார். பேனாவுக்கு மட்டும் "நிர்வாகத்தைக் கேட்டுச் சொல்கிறேன்" என்கிறார். விட்டுவிட மாட்டேன், திங்கட்கிழமை மறுபடி போகிறேன். 'பொறுப்பல்ல' தாளில் கையெழுத்துப் போடவில்லை. நான் எதையெல்லாம் வாங்கித் தருவேன், அவர்கள் எதைச் செய்ய வேண்டும் என்று வேறொரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கணக்கு ஆசிரியை, பாவம், அதைத் தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. தேர்வறைக்குள் குளுக்கோஸ் கொண்டுபோக விடுவார்களா? எங்களுடையது மாநிலப் பாடத்திட்டம்.

குழந்தைகள் வார்டு செவிலியர்:

சி.பி.எஸ்.இ. வாரியம் 2017லேயே சுற்றறிக்கை விட்டது. டைப் 1 உள்ள மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, வாழைப்பழம், ஆப்பிள், சாண்ட்விச், அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஆகியவற்றைத் தேர்வறைக்குக் கொண்டுபோகலாம் என்று அதில் இருக்கிறது. 2023இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் வகுப்பிலும் தேர்விலும் இந்தப் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. இரண்டின் நகலையும் மருத்துவர் சான்றோடு இணைத்து, பத்தாம் வகுப்பு தொடங்கியவுடனே தலைமையாசிரியர் வழியாக மனுக் கொடுங்கள். தேர்வு மையம் வேறு பள்ளியாக இருக்கும், வாய்ச்சொல் அங்கே செல்லாது. எழுத்தில் அனுமதி வாங்கி, அதன் நகலை ஹால் டிக்கெட்டோடு வைத்து அனுப்புங்கள். பேனா விஷயத்திலும் திங்கட்கிழமை அப்படியே செய்யுங்கள்: கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குத் தேதியுடன் முத்திரை வாங்குங்கள்.