ஃபிஸ்க் மாணவர்களின் தொடக்ககால வாழ்க்கை பற்றி எங்கே படிக்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்கென்று எழுந்த கல்லூரிகளின் முதல் தலைமுறை மாணவர்களைப் பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் பேச இருக்கிறேன். நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பள்ளியை (பின்னாளில் பல்கலைக்கழகமாக வளர்ந்தது) எடுத்துக்கொண்டேன். உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டே, 1866 ஜனவரியில், ராணுவ மருத்துவமனையாக இருந்த கொட்டகைகளில் அது தொடங்கியது. அடிமைகளை அடைத்துவைத்த இடத்தில் கிடந்த துருப்பிடித்த விலங்குகளைப் பழைய இரும்பாக விற்று, அந்தக் காசில் எழுத்துப் புத்தகங்கள் வாங்கியிருக்கிறார்கள். இதைப் படித்ததிலிருந்து வேறெதிலும் மனம் செல்லவில்லை.

1871-இல் பணமுடை முற்றியபோது ஊர் ஊராகப் பாடி நிதி திரட்டிய மாணவர் குழுவைப் பற்றி நிறையவே கிடைக்கிறது. எனக்கு வேண்டியது அன்றாட வாழ்க்கை. விடுதியில் என்ன சாப்பிட்டார்கள்? கட்டணத்துக்கு என்ன வேலை செய்தார்கள்? ஆண்களும் பெண்களும் பேசிக்கொள்ள என்னென்ன தடைகள்? அத்தகைய கெடுபிடிகளை எதிர்த்துத்தான் 1925-இல் மாணவர்கள் போராடினார்கள். கல்லூரித் தலைவரே பதவி விலக நேர்ந்தது.

கறுப்பின உரிமைகளுக்காக எழுதிப் புகழ்பெற்ற அறிஞர் டு போய்ஸ் அங்கே தம் மாணவப் பருவத்தில் ஆசிரியராக இருந்த ‘ஃபிஸ்க் ஹெரால்டு’ இதழின் பழைய பிரதிகளை இலவசமாகப் படிக்க வழி உண்டா? மாணவர்களின் கடிதங்கள், நாட்குறிப்புகள் எங்கே கிடைக்கும்? தமிழில் ஒரு கட்டுரை இருந்தாலும் போதும், தயவுசெய்து தெரிவியுங்கள்.