கோல்ட்ஸ்பரோவில் விழுந்த குண்டு ஏன் வெடிக்கவில்லை?

கேள்வி: 1961ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் கோல்ட்ஸ்பரோ அருகே பி-52 குண்டுவீச்சு விமானம் நடுவானில் உடைந்து இரண்டு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தனவாமே, எண் போட்டால்தான் வெடிக்கும்படி பூட்டு ஏதாவது இருந்ததா?

பதில்: அப்போது ஏது பூட்டு! ஒன்று பாராசூட் விரிந்து மரத்தில் மாட்டி மூக்கு மண்ணில் குத்தி நின்றது, வெடிக்க வேண்டிய படிகள் ஒவ்வொன்றாக நடந்துகொண்டே வந்து கடைசியில் ஒரே ஒரு சாதாரண சுவிட்ச்தான் காப்பாற்றியது. அதன் வெடிசக்தி சுமார் 3.8 மெகாடன், ஹிரோஷிமா குண்டைப்போல 250 மடங்கு.

பதில்: இன்னொன்று சேற்று வயலில் புதைந்தது. தோண்டத் தோண்ட நீர் ஊறியதால் யுரேனியம் உள்ள பாகத்தை அங்கேயே விட்டுவிட்டார்கள். இப்பவும் கிடக்கிறது.

கேள்வி கேட்டவர்: சரி, சங்கேத எண் பூட்டு எப்போ வந்தது?

பதில்: 1962ல் அமெரிக்க அதிபர் கென்னடி உத்தரவு போட்டார், முதலில் ஐரோப்பாவில் வைத்திருந்த அமெரிக்க அணுகுண்டுகளுக்கு. ஆனால் அது கண்டவர் கையில் சிக்கினால் வெடிக்காமல் இருக்க, விபத்துக்கு இல்லை. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.