இங்கிலாந்தில் பிறந்தவர்களே ஆங்கிலத்தை இப்படிப் பேசும்போது எரிச்சல் கொள்வது தவறா?

கேள்வி – லீட்ஸ்வாசி

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வேலை பார்க்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிற்றூரில் நான் படித்த காலத்தில், என் தந்தை இரவுதோறும் சிற்றலை வானொலியில் பிபிசி உலகச் சேவையை வைத்து, செய்தி வாசிப்பவர் ஒவ்வொரு சொல்லையும் கடைசி ஒலி வரைக்கும் எப்படி முடிக்கிறார் என்று கவனிக்கச் சொல்வார். அந்த ஆங்கிலத்தைத்தான் இந்நாட்டில் எல்லாரும் பேசுவார்கள் என்று நம்பி வந்தேன்.

இங்கே காதில் விழுவது வேறாக இருக்கிறது. “வாட்டர்” என்ற சொல்லின் நடுவில் உள்ள “ட”வை விழுங்கி, தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறந்து “வா-அ” என்கிறார்கள். “த்ரீ” என்பது “ஃப்ரீ” ஆகிவிடுவதால், மூன்று இருக்கைகள் உள்ளன என்கிறார்களா, இருக்கைகள் காலியாக உள்ளன என்கிறார்களா என்று ஒருமுறை நான் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. “லா அண்ட் ஆர்டர்” என்பதன் நடுவே எழுத்தில் இல்லாத ஒரு “ர” நுழைந்து “லாரண்ட் ஆர்டர்” ஆகிறது. லண்டனிலிருந்து மாற்றலாகி வந்த சக ஊழியர் “ஆஸ்க்” என்பதை எப்போதும் “ஆக்ஸ்” என்றே சொல்கிறார். எட்டாம் எழுத்தின் பெயரான “ஏச்” என்பதைப் படித்தவர்கள்கூட “ஹேச்” என்கிறார்கள்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் ஏழு வயதான என் மகள் பள்ளியிலிருந்து வந்து “வா-அ” கேட்டாள். மூன்று முறை திருத்தினேன், அழுதுவிட்டாள். அன்றிலிருந்து மனம் அமைதியாக இல்லை. இது திருத்த வேண்டிய சோம்பலா, அல்லது என் எரிச்சலைத்தான் நான் திருத்திக்கொள்ள வேண்டுமா?

பதில் – ஒலியியல் மாணவர்

உங்கள் பட்டியலில் உள்ள பெரும்பாலானவற்றைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. அந்த “ட”வையே எடுத்துக்கொள்வோம். சோம்பல்தான் காரணம் என்றால் அது எல்லா இடத்திலும் மறைய வேண்டும். ஆனால் “வா-அ” என்று சொல்லும் அதே மனிதர் “டீ”, “டேபிள்” ஆகியவற்றில் அதை ஒருபோதும் விழுங்குவதில்லை. “ஹோட்டல்” என்பதிலும் விழுங்குவதில்லை. ஆங்கிலத்தில் அச்சொல்லின் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால், அங்கே அந்த ஒலி காப்பாற்றப்படுகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே ஒரு குழந்தை இந்த விதியைப் பிடித்துக்கொள்கிறது. “ஃபுட்பால்” போன்ற சொற்களில் மெய்யெழுத்துக்கு முன் வரும் “ட்” இப்படித் தொண்டையில் நின்றுவிடுவது, உயர்ந்ததாகக் கருதப்படும் தென்னிங்கிலாந்துப் பேச்சிலும் உண்டு. அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

“ஆக்ஸ்” பற்றி நீங்கள் அறிய வேண்டியது இன்னும் அதிகம். பழைய ஆங்கிலத்திலேயே இந்த வினைச்சொல்லுக்கு இரண்டு வடிவங்களும் இருந்தன. 1535இல் அச்சான கவர்டேலின் விவிலியத்தில் “கேளுங்கள், உங்களுக்குக் கொடுக்கப்படும்” என்ற வசனம் “ஆக்ஸ்” வடிவத்தில்தான் இருக்கிறது. பின்னால் நிலைபெற்ற எழுத்து வழக்கு மற்ற வடிவத்தைத் தேர்ந்துகொண்டதால், “ஆக்ஸ்” கொச்சை என்று ஒதுக்கப்பட்டது. நம் இலக்கண ஆசிரியர்கள் தசை – சதை, விசிறி – சிவிறி என்று எடுத்துக்காட்டும் எழுத்து நிலைமாற்றம்தான் இதிலும் நடந்திருக்கிறது. இன்று எல்லாரும் “பேர்ட்” என்று சொல்லும் பறவைப் பெயர்கூட முன்பு “ப்ரிட்” என்றே இருந்தது. அந்த மாற்றத்துக்காக யாரும் யாரையும் திருத்துவதில்லை.

எழுத்தில் இல்லாத “ர” வருவதற்கும் காரணம் உண்டு. இங்கிலாந்தின் பெரும்பகுதியில், உயிரொலி பின்தொடராத இடத்தில் “ர”வை உச்சரிக்கும் வழக்கம் மறைந்துவிட்டது. “ஃபார்” என்பது தனியே “ஃபா” என்று ஒலித்தாலும் “ஃபார் அவே” என்று சேர்த்துச் சொல்லும்போது “ர” திரும்பி வருகிறது. அந்தப் பழக்கம் அதே போன்ற உயிரொலியில் முடியும் “லா”வுக்கும் பரவிவிட்டது. ஏறக்குறைய நம் உடம்படுமெய் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது.

இதில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது ஒன்று உண்டு. சொல்லிறுதி “ர”வை விடுவது லண்டனில் மேன்மையின் அடையாளமாக இருந்தபோதே, நியூயார்க்கில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் தாழ்வின் அடையாளமாக மாறிவிட்டது. 1962இல் வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் அந்நகரின் மூன்று பல்பொருள் அங்காடிகளுக்குப் போய், நான்காம் தளத்தில் உள்ள பொருளொன்றைப் பற்றி விசாரித்து, “ஃபோர்த் ஃப்ளோர்” என்ற விடையைப் பணியாளர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார். கடை எவ்வளவு விலையுயர்ந்ததோ அவ்வளவு அதிகமாக “ர” கேட்டது. ஒலி ஒன்றுதான்; அதற்கு ஒவ்வோர் ஊரும் கொடுத்த மதிப்பு நேர் எதிரானது. ஆகவே உங்கள் எரிச்சல் ஒலியின் மீது எழுகிறதா, அந்த ஒலியோடு நீங்கள் சேர்த்துப் பார்க்கும் மனிதர்கள் மீது எழுகிறதா என்று ஒருமுறை உங்களையே கேட்டுப் பாருங்கள்.

உங்கள் தந்தை கேட்கச் சொன்ன அந்தக் குரலும் தேர்ந்தெடுத்து வைக்கப்பட்ட ஒன்றுதான். பேச்சு ஆங்கிலத்துக்கென்று பிபிசி 1926இல் ஒரு குழுவை அமைத்தது. அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் அதன் தலைவர். நீங்கள் வாழும் அதே யார்க்ஷயரின் ஹாலிஃபாக்ஸில் பிறந்த வில்ஃப்ரெட் பிக்கிள்ஸ் 1941இல் தம் ஊர்ப் பேச்சு மாறாமல் தேசியச் செய்தியை வாசித்தபோது, கேட்டவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. உங்களுக்கு இன்று வரும் எரிச்சல் இந்நாட்டுக்காரர்களுக்கே அன்று வந்திருக்கிறது.

பதில் – கிழக்கு லண்டன் அம்மா

சகோதரருக்கு வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். இங்கே வந்து இருபத்தெட்டு ஆண்டுகளாகின்றன. என் இரண்டு பிள்ளைகளும் லண்டனிலேயே வளர்ந்தார்கள்.

நாங்கள் “ரொறன்ரோ” என்று எழுதுவதைப் பார்த்துத் தமிழ்நாட்டு நண்பர்கள் வியப்பார்கள். “காற்று” என்ற சொல்லில் எங்கள் வாயில் வரும் “ற்ற” ஒலி, நாக்கு நுனி பல்லின் வேருக்குச் சற்று மேலே பட்டுப் பிறப்பது. ஆங்கிலேயரின் ஒலிக்கு அது மிக அருகில் இருக்கிறது. அதனால் இந்த ஒரு ஒலியில் எனக்கு இங்கே சிரமமே இருக்கவில்லை. அப்படியிருந்தும், வந்த புதிதில் ஒரு நேர்முகத் தேர்வில், என் பேச்சு வாடிக்கையாளருக்கு விளங்காது என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அதைச் சொன்னவர் பத்து நிமிடமாக என் ஒவ்வொரு விடையையும் விளங்கிக்கொண்டு, அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவர். அந்த நாளை நான் மறக்கவில்லை. அதனால்தான் எந்த மனிதரின் பேச்சையும் கேட்டு முகம் சுளிக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

என் மகனும் சின்ன வயதில் உங்கள் மகளைப் போலவே கதைத்தான். கூட்டாளிகளிடம் ஒரு விதம், ஆசிரியரிடம் ஒரு விதம், அம்மம்மாவிடம் யாழ்ப்பாணத் தமிழ் என்று பதின்மூன்று வயதிலேயே அவனாகப் பிரித்துக்கொண்டான். உங்கள் பிள்ளை வகுப்பில் தனித்துத் தெரியாமல் இருக்கத்தான் அந்த ஒலியை எடுத்துக்கொண்டிருக்கிறாள். அதை வீட்டில் பறித்தால் அவளுக்கு எங்கேயும் இடமில்லாமல் போய்விடும். தயவுசெய்து அவளை அழ விடாதீர்கள்.

பதில் – கோவை ஆங்கில ஆசிரியர்

மேலே சொன்னவற்றை மதிக்கிறேன். ஆயினும் “எல்லா உச்சரிப்பும் சரியே” என்று முடித்துவிடுவதை, முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலாது. வரலாறு எதுவாக இருந்தாலும், கேட்பவருக்குப் பொருள் போய்ச் சேர வேண்டும். அது சேராத இடத்தில் திருத்தம் தேவை.

ஆனால் எதைத் திருத்துவது என்பதில்தான் நாம் தவறு செய்கிறோம். “வா-அ” என்று கேட்டால் தண்ணீர் கிடைத்துவிடுகிறது, பொருள் கெடவில்லை. நம் மாணவர்கள் பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களை அழுத்தம் மாற்றிச் சொல்லும்போது பொருள் கெடுகிறது. மருந்தின் அளவைத் தொலைபேசியில் சொல்பவர் அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். சொல்லின் தொடக்கத்தில் வரும் “ப்” ஒலியை ஆங்கிலேயர் சிறு மூச்சோடு வெளியிடுகிறார்கள். நாம் மூச்சின்றிச் சொல்கிறோம். ஆகவே நாம் குண்டூசியைக் கேட்டால் அவர்கள் காதில் குப்பைத்தொட்டியின் பெயர் விழக்கூடும். இவற்றைப் பற்றி நம் வகுப்பறைகளில் பேசுவதே இல்லை. “ஹேச்” என்பதற்காக வருந்தும் நண்பருக்கு இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும்: தமிழ்நாட்டில் நம்மில் பெரும்பாலோர் அந்த எழுத்தை “ஹெச்” என்றுதான் சொல்கிறோம்.

பதில் – லீட்ஸ்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆசிரியர் ஐயா கடைசியாகச் சொன்னதைப் படித்தவுடன் என் தந்தைக்குத் தொலைபேசியில் பேசினேன். அவரும் “ஹெச்” என்றுதான் சொன்னார். நானும் பள்ளி முடிக்கும் வரை அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், மறந்துவிட்டேன்.

“ஆக்ஸ்” குறித்து இனி எனக்கு மனக்குறை இல்லை. அந்தச் சக ஊழியரின் பேச்சை இத்தனை நாள் படிப்புக் குறைவாக மனத்துக்குள் எடைபோட்டதற்காக வெட்கப்படுகிறேன். ஆனால் “த்ரீ”யை “ஃப்ரீ” என்று சொல்வது இன்னும் என் காதுக்கு ஒவ்வவில்லை. இரண்டு சொற்கள் ஒன்றாகிவிடும் இடத்தில், திரும்பக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

நேற்று மாலை மகள் மறுபடி அதே சொல்லில் தண்ணீர் கேட்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தேன். குடித்து முடித்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தண்ணி போதும்பா” என்று தமிழில் சொன்னாள்.