மறு: மறு: மறு: ‘பேட்ச்’ — ஒரு சொல் வேண்டும், வியாழன் பின்னேரத்துக்குள்

களுவாஞ்சிகுடி, திங்கள் இரவு

குழுவில் எல்லாருக்கும் வணக்கம். நான் பின்னேரக் கணினி வகுப்பு நடத்துவது தெரியும்தானே. கடைக்காரர், சங்கத்துக் கணக்குப்பிள்ளை, ஓய்வூதியர் என்று பதினைந்து இருபது பேர் வருவார்கள். அநேகமான கணினிகளில் விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான பராமரிப்பு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. பதிந்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புக்கானது மட்டும் வரும். விண்டோஸ் 11க்குப் போகலாமென்றால் பாதிக் கணினிகளில் அதற்கு வேண்டிய டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை. இதையெல்லாம் ஒரே பக்கத் துண்டுப்பிரசுரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அச்சகத்துக்கு வியாழன் பின்னேரம் கொடுக்க வேண்டும்.

ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. பேட்ச். மென்பொருளில் கண்ட பழுதைச் சரிசெய்ய மைக்ரோசொஃப்ட் 2003 ஒக்டோபரிலிருந்து மாதத்தின் இரண்டாம் செவ்வாயில் வெளியிடுகிறதே, அது. அப்டேட் வேறு, அப்கிரேட் வேறு, பேட்ச் வேறு என்று படிப்பிக்கிறேன். ஆனால் மூன்றுக்கும் ‘புதுப்பித்தல்’ என்றே வாயில் வருகிறது. போன வகுப்பில் ஓர் ஐயா கேட்டார்: “புதுப்பிக்கக் காசு எவ்வளவு ரீச்சர், சாரதி அனுமதிப்பத்திரம் மாதிரியா?”

கல்முனை, திங்கள் நள்ளிரவு

பேட்ச் என்றே போடுங்கள் ரீச்சர். எங்கள் வாப்பாவுக்கு இங்கிலீசு தெரியாது, ஆனால் போனுக்கு அப்டேட் வந்திருக்கு என்று அவர்தான் எனக்குச் சொல்கிறார். ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’, காலத்தோடு வந்து சேரும் சொல்லைத் தள்ள வேண்டாம் என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். (தமிழ் சேர், பள்ளியில் நீங்கள் படிப்பித்ததுதான்.) தமிழில்தான் வேண்டுமென்றால் ‘ஒட்டு’. ஒட்டுப் போட்ட சட்டை எல்லாருக்கும் தெரியும்.

ஆரையம்பதி, செவ்வாய் காலை

ஒட்டு தனியாக நின்றால் நல்லது. ‘பாதுகாப்பு’ பக்கத்தில் வந்தால்? குற்றியலுகரம் கெட்டுப் புணர்ந்து ‘பாதுகாப்பொட்டு’ ஆகும். பிள்ளைகள் அதைப் ‘பாதுகாப் பொட்டு’ என்றுதான் வாசிக்கும். நெற்றியில் வைக்கிற சாமான். சேர்க்காமல் பிரித்து எழுதினால் சேரிடமிருந்து எனக்குக் கடிதம் வரும்.

மட்டக்களப்பு நகர், செவ்வாய் பகல்

வரும்தான். பிரித்து எழுதுகிற பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பது வேறு விடயம். இந்தக் குழுவிலேயே மூன்று பேர் ‘தொழில்நுட்பம்’ என்று எழுதுகிறீர்கள். லகரத்தின் முன் நகரம் வந்தால் என்ன நடக்கும் என்று ஒன்பதாம் வகுப்பில் சொல்லித்தந்தேன். தொழினுட்பம். எங்கள் பாடநூல்களாவது அதைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

தம்பி, தொல்காப்பிய எச்சவியலில் அந்த நூற்பாவை மட்டும் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கிறீர்கள். அதே இயலில் முன்னாலே ‘வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே’ என்றும் இருக்கிறது. வருகிற சொல் நம் எழுத்து முறைக்கு அடங்கி வரட்டும். சகர மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. பேட்ச் என்பது பேட்சு ஆகும், வாய்க்குள் இரண்டு வருடம் கிடந்தால் பேச்சு ஆகும். பாதுகாப்புப் பேச்சு! இந்த நாட்டில் அதற்கு வேறு பொருள் இருக்கிறது.

என் முன்மொழிவு ‘பொத்து’. வாய் பொத்து என்கிறோம், துணி பொத்து என்கிறோம். திறந்து கிடப்பதை மூடுவதும் கிழிந்ததைச் சேர்ப்பதும் ஒரே வினை. பெயராக வரும்போது அதே சொல்லுக்கு ஓட்டை, குறை என்றும் பொருள். குறள் 468: ‘ஆற்றின் வருந்தா வருத்தம் பலர்நின்று போற்றினும் பொத்துப் படும்.’ முறைப்படி செய்யாத வேலை, எத்தனை பேர் சுற்றி நின்று காத்தாலும் ஓட்டையாகிப் போகும். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கென்றே சொன்ன மாதிரி இல்லையா? நோய்க்கும் மருந்துக்கும் ஒரே சொல். பொந்து, பொள்ளல், பொத்தல், பொய் என்று இந்தக் குடும்பம் பெரிது, அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

கல்முனை, செவ்வாய் பின்னேரம்

சேர், தனி மடலில் ‘பொய்’ வரைக்கும் போக வேண்டாம், ரீச்சருக்கு வியாழன் இருக்கிறது. பொத்தல் வாளி என்றால் ஓட்டை வாளி. ‘இந்த மாதம் மைக்ரோசொஃப்ட் பாதுகாப்புப் பொத்து வெளியிட்டது’ என்று அச்சடித்தால், மாதாமாதம் ஓட்டையை அனுப்புகிறார்கள் என்று சனம் எடுக்கும்.

அக்கரைப்பற்று, செவ்வாய் இரவு

நான் வயல்காரன், ஆனாலும் சொல்கிறேன். வரப்பில் தண்ணீர் பாயும் வக்கடையைச் சரியாகக் கட்டாமல் விட்டால் விடியும்போது மேல் வயலில் தண்ணீர் இல்லை. மண்ணும் வைக்கோலும் வைத்து மிதித்து அடைக்கிறோம். ‘அடைப்பு’ என்று சொன்னால் என்ன குறை?

ஆரையம்பதி, செவ்வாய் இரவு

மாரடைப்பு என்ற ஒரு குறைதான் அண்ணன். ‘உங்கள் கணினிக்கு அடைப்பு வந்துள்ளது’ என்றால் அந்த ஓய்வூதியர் ஐயா எழும்பியே போய்விடுவார்.

நான் ‘திருத்தம்’ என்கிறேன். நம் பக்கம் சைக்கிள் திருத்துகிற கடை, மணிக்கூடு திருத்துகிற கடை என்றுதானே சொல்கிறோம்? பழுதைச் சரிசெய்வது என்ற பொருள் இங்கே உயிரோடு இருக்கிறது. ‘பாதுகாப்புத் திருத்தம்’. வலி மிகுந்து அழகாகவும் புணர்கிறது. ஒரே பயம், யாராவது அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் போய்விட்டால் வகுப்பு அன்றைக்கு முடிந்தது.

அப்டேட்டுக்கு ‘இற்றைப்படுத்தல்’ எனக்குச் சம்மதம். ‘அற்றைத் திங்கள்’ பாட்டிலேயே ‘இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்’ என்று பாரி மகளிர் சொல்லிவைத்த சொல், புறநானூறு 112.

அக்கரைப்பற்று, செவ்வாய் இரவு

இற்றுப்போன கயிறு என்று நாங்கள் சொல்வது இந்த இற்றையா, வேறு இற்றையா?

மட்டக்களப்பு நகர், புதன் காலை

வேறு. அது இறுதல், முறிதல். இது இன்று. ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

இன்று விடிய கல்லடிப் பாலத்துப் பக்கம் நடக்கப் போனேன். ஒருவர் வலையை மணலில் விரித்து, ஒரு கரையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். கிழிசல் கையளவுதான். கத்தியை எடுத்து அதைச் சுற்றி நாலைந்து கண்களை வெட்டி இன்னும் பெரிதாக்கினார். ஏன் என்று கேட்டேன். “பிஞ்ச கண்ணில முடிச்சு நிக்காது சேர்.” மறுகா ஊசியில் நூலைக் கோத்து, மூலையிலிருந்து கண் கண்ணாகப் பின்னிக்கொண்டு வந்தார். முடிந்த பிறகு எது பழையது எது புதியது என்று நூலின் நிறத்தில்தான் தெரிந்தது. இந்த வேலைக்கு என்ன பெயர் என்று கேட்டேன். “வலை பொத்துறது. வேறென்ன?”

காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல் வேலைக்குத் தலைமை தாங்கியவர். அவர் ஊர்ப்பக்கத்து நாம் நம் கரையில் கிடக்கிற சொல்லை எடுக்கக் கூச்சப்படுகிறோம்.

கல்முனை, புதன் பகல்

சேர், அந்த வலைக்காரர் செய்ததுதான் உண்மையில் நடப்பது. பழுதான கோப்பின் மேல் எதையும் ஒட்டுவதில்லை, அதை எடுத்துவிட்டுச் சரியானதை வைக்கிறார்கள். ஒட்டை நான் கைவிடுகிறேன். பேட்ச் என்ற சொல் வந்த கதை வேறு. அந்தக் காலத்தில் நிரல் துளையிட்ட கடதாசி நாடாவில் இருந்தது, பிழையான துளையை ஒரு துண்டு ஒட்டி மூடினார்கள்.

ரீச்சர், சொல் எதுவானாலும் இரண்டு விடயம் எழுதுங்கள். ஒன்று, விண்டோஸில் மாதாந்தம் வருவது முந்தியவற்றையும் சேர்த்துக்கொண்டு வரும். மூன்று மாதம் விட்டவர் கடைசியாக வந்ததை மட்டும் போட்டால் போதும். இரண்டு, தள்ளிப்போட வேண்டாம். 2017 மார்ச் 14இல் திருத்தம் வந்துவிட்டது, மே 12இல் வானாகிரை என்ற, கோப்புகளைப் பூட்டிவைத்துக் காசு கேட்கும் தீநிரல் அதே ஓட்டையால் பரவியது. இடையில் இரண்டு மாதம். போடாமல் விட்டவர்கள்தான் பெருமளவில் அகப்பட்டார்கள், பிரித்தானியாவின் அரச மருத்துவ சேவையும் அதில் சேர்த்தி.

செவ்வாய் என்பதும் அவர்களுக்குத்தான். அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. ஆட்கள் கணினியைத் திறப்பது புதன்கிழமை.

அக்கரைப்பற்று, புதன் பகல்

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது. அப்படியே தலைப்பாகப் போடுங்கள் ரீச்சர்.

மட்டக்களப்பு நகர், புதன் பகல்

துளையை மூடினார்களா? தம்பி, இதை நீ திங்கட்கிழமையே சொல்லியிருக்க வேண்டும். அது பொத்துதலேதான்!

களுவாஞ்சிகுடி, வியாழன் மதியம்

எல்லாருக்கும் நன்றி. நேற்று வகுப்பில் சொற்களைப் பலகையில் எழுதி, எது விளங்குகிறது என்று கேட்டேன். ‘பொத்து’ என்றதும் பின்வாங்கில் இருந்த ஓர் அம்மா வாயைப் பொத்திக்காட்டிச் சிரித்தார். ‘அடைப்பு’க்குக் குளியலறைக் குழாய் ஞாபகம் வந்தது. ‘திருத்தம்’ என்றதும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, எழுதிக்கொண்டார்கள். அதையே போட்டுவிட்டேன். அடைப்புக்குறிக்குள் பேட்ச் என்று ஒருமுறை மட்டும். சேர், வலை பொத்திய கதையையும் நாலு வரியில் சேர்த்திருக்கிறேன், சொல்லோடு. தலைப்பு ‘புதன் காலையில் செய்ய வேண்டியது’.

மட்டக்களப்பு நகர், வெள்ளி காலை

துண்டுப்பிரசுரம் கிடைத்தது. வலைக் கதை நன்றாக வந்திருக்கிறது. அதன் கீழேயே ‘திருத்தம்’ என்று போட்டிருப்பதற்கு என் மறுப்பைக் குழுவில் பதிந்துவைக்கிறேன்.

இரண்டாம் பந்தியில் ‘தொழில்நுட்பம்’ என்று இருக்கிறது.