ஊர்ப் பள்ளிக்கு நிதி: தாராவியில் பலகாரக் கடை போடலாமா?

கேள்வி: நாங்கள் 90 அடி சாலைப் பக்கம் இருக்கிறோம். நெல்லைப் பக்கம் சந்தை கூடும் எங்கள் ஊரில் பள்ளிக்குக் கழிப்பறை கட்ட வேண்டும், பெண் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்க்க முடியவில்லை. பொங்கலுக்குப் பணியாரம், அதிரசம் விற்றுப் பணம் சேர்க்கலாமா? ரசீது எப்படி?

பதில் 1: தாராளமாகச் செய்யுங்கள் அண்ணே. ஆனால் பலகாரம் வாங்கிய காசு நன்கொடை ஆகாது. நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி சலுகை கேட்பவர்களை, 80ஜி பதிவு உள்ள அறக்கட்டளைக்கே பணத்தை நேராக அனுப்பச் சொல்லுங்கள், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை கிடையாது.

பதில் 2: நாங்கள் இப்படிக் கடை போட்டபோது உண்டியலை எல்லார் முன்னாலும் திறந்து, இரண்டு அக்காமார் சில்லறையைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணி, தொகையைச் சார்ட்டில் எழுதி ஒட்டினார்கள். அதைப் பார்த்த பிறகு இட்லிக்கடைத் தாத்தா திரும்பி வந்து இன்னொரு நூறு ரூபாய் போட்டார்.

கேள்வி கேட்டவர்: சரி, சார்ட் கட்டாயம் வைக்கிறோம். நன்றி அக்கா.